ஒரே அலமாரியில் பதினோரு லென்ஸ்

அந்தத் தெருவில் அவளுக்கு ‘அசையாதே அக்கா’ என்று பெயர். கேமராவுக்குப் பின்னால் நின்று நாளெல்லாம் அவள் சொல்லும் சொல் அது. மரியாதையாக ‘அசையாதீங்க’ என்றுதான் ஆரம்பிப்பாள். இரண்டாம் தடவை ‘கொஞ்சம் அசையாம இருங்களேன்’. மூன்றாம் தடவை, எதிரே உட்கார்ந்திருப்பவர் வங்கி மேலாளராக இருந்தாலும், ‘அசையாதே’தான். அந்தச் சொல்லுக்கு எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நிமிர்ந்துவிடுவார்கள். படம் அப்போதுதான் சரியாக விழும்.

ஸ்டூடியோ இரண்டு அறை. முன்னறையில் ஒரு ஸ்டூல், வெள்ளைத் திரை, நீலத் திரை, இரண்டு குடை விளக்கு, சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி, அதற்குக் கீழே சங்கிலியில் கட்டிய சீப்பு. பொதுச் சீப்பை எவன் திருடுவான் என்று யாராவது கேட்டால், இதற்கு முன் ஏழு சீப்பு போயிருக்கிறது என்பாள். பின்னறையில் கட்டில், அடுப்பு, பிரிண்டர், ஓர் இரும்பு அலமாரி. அவளும் மகளும் அந்தப் பின்னறையில்தான் இருந்தார்கள்.

கணவன் கல்யாணமான நான்காம் வருஷம் வெளிநாட்டு வேலைக்குப் போனான். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். “நல்லா விழுந்திருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. போனவர் போனவர்தான்” என்பாள். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஸ்டூடியோ அப்பாவுடையது. அப்பா இறந்தபோது அதை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தம்பியைத்தான் முதலில் கேட்டார்கள். அவன் ஒரு சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். “அக்கா வெளியில எடுக்கட்டும், நான் உள்ள எடுக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு கிடைச்சிடும்” என்று சொல்லி விட்டுக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. தம்பி பெருந்தன்மையானவன் என்று அன்று முடிவு செய்துகொண்டாள். அதன்பின் அந்த முடிவை அவள் எடுத்துப் பார்க்கவே இல்லை.

இரும்பு அலமாரியில் அப்பாவின் பழைய லென்ஸ்கள் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றின் அடி வளையத்திலும் ஊசியால் கீறி எண் போட்டிருந்தார். அலமாரிக்குள் சின்னதாக ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். ஈரம் ஏறினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்; சிலந்தி வலை போல வெள்ளையாகப் படரும். ஒன்றில் பிடித்தால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும் என்பது தொழிலில் எல்லோரும் நம்புவது. அதனால் பூஞ்சை கண்ட லென்ஸ் ஒரு நாள்கூட அலமாரியில் இருக்கக் கூடாது. தனியாக எடுத்து வைத்து, துடைத்த துணியை எறிந்துவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அவள் பேசக் கற்றுக்கொண்ட வயதிலேயே இதையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

பதினொன்றில் மூன்று மட்டும் வேறு மாதிரி. வருஷத்துக்கு வருஷம் அவற்றின் கண்ணாடி மஞ்சளாகும், தேநீர் தேங்கி உலர்ந்த மாதிரி. எவ்வளவு துடைத்தாலும் போகாது. அப்பா அவற்றை ஜன்னலில், அடியில் அலுமினியத் தாள் விரித்து, வெயில் படும்படி மூன்று நான்கு வாரம் வைப்பார். மஞ்சள் மெல்ல வெளுத்துவிடும். ஏன் மஞ்சளாகிறது, ஏன் வெயிலில் வெளுக்கிறது என்று அப்பாவும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வயசாகிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்த மூன்றில் ஏழாம் எண் லென்ஸின் வளையம் இறுகிப்போய்த் திரும்பவில்லை. கேமராவில் மாட்டிப் பயனில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மகளுக்கு எட்டு வயதானபோது அதை விளையாடக் கொடுத்தாள்.

மகள் அதை வைத்து எறும்பைப் பார்த்தாள், தன் விரல் ரேகையைப் பார்த்தாள், வாடிக்கையாளர்களின் மூக்குத் துவாரத்தைப் பார்த்து ஒருத்தரிடம் திட்டு வாங்கினாள். அது தன்னுடையதுதான் என்பதற்கு அடையாளமாக வளையத்தில் ரோஜா நிற நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

ஒன்பதாவது வயதில் மகளுக்குக் காய்ச்சல் வந்து போகாமல் நின்றது. கால்களில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள். பெரிய மருத்துவமனையில் ரத்தப் புற்று என்றார்கள். குணமாக்கலாம், இரண்டு வருஷம் ஆகும் என்றும் சொன்னார்கள். அவள் இரண்டாவதைக் கேட்கவில்லை. ஏன் வந்தது என்று கேட்டாள். டாக்டர், இதற்கு ஏன் என்று சொல்ல முடியாது என்றார். அவள் நர்சைக் கேட்டாள், மருந்து எடுத்துக் கொடுப்பவரைக் கேட்டாள், பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாயைக் கேட்டாள். நான்கு மாதம் அந்த ஒரு கேள்வியோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டூடியோவுக்கும் அலைந்தாள். மெலிந்து, ஸ்டூடியோ கண்ணாடியில் தன்னையே யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து ஒரு நாள் ‘உட்காருங்க’ என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி மீட்டரோடு வந்தான்.

ஏதோ பயிற்சிக்குப் போய் வந்திருந்தான். கதிர்வீச்சை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். சும்மா பார்க்கலாம் என்று பின்னறையில் அதைப் போட்டான். எப்போதாவது ஒரு ‘டிக்’. கட்டில் தலைமாட்டில் இருந்த, இருட்டில் எண்கள் ஒளிரும் பழைய அலாரக் கடிகாரத்தின் அருகே கொண்டுபோனபோது மழை பிடித்த தகரம் போல அது சடசடத்தது. அது பழைய கடிகாரத்தில் இருக்கிறதுதான், மேலே கண்ணாடி மூடியிருக்கிறது, உடைக்காமல் இருந்தால் போதும் என்றான். அலமாரி மேல் அழகுக்கு வைத்திருந்த பச்சைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கும் லேசாகச் சத்தம் வந்தது. அதையும் விட்டான். பிறகு அலமாரியைத் திறந்தான். எட்டு லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்குச் சடசடத்தது. தலையணைக்கு அடியில் இருந்த ஏழாம் எண்ணுக்கும் சடசடத்தது.

அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். மஞ்சள் லென்ஸில் ஒரு கதிரியக்க உலோகத்தைக் கலந்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் கண்ணாடி நன்றாக வர அப்படிச் செய்வார்கள், மஞ்சளாவதே அதனால்தான் என்றான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“இதனாலயா?”

அவன் மீட்டரை அணைத்துவிட்டு, “வேற என்னக்கா இருக்கு இந்த வீட்டுல?” என்றான்.

மறுநாள் கையுறையும் மூடியுள்ள வாளியுமாக வந்தான். பதினொன்றையும் எடுத்தான். சத்தம் போட்டது மூன்றுதானே என்று அவள் கேட்டாள். ஒரே அலமாரியில் இத்தனை வருஷம் இருந்தால் மற்றதற்கும் ஏறியிருக்கும் என்றான். அவளுக்கு அது உடனே புரிந்தது. பூஞ்சையைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அவன் சொல்லாத மிச்சத்தையும் அவளே நிரப்பிக்கொண்டாள்: லென்ஸிலிருந்து லென்ஸுக்கு ஏறுமானால் கைக்கும் ஏறும். முப்பது வருஷமாக அவற்றைத் தொட்ட கை அவளுடையது.

மருத்துவமனையில் சிமென்ட் பீப்பாயில் போட்டுப் புதைத்துவிடுவார்கள் என்றும், வெளியில் சொன்னால் ஸ்டூடியோவுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனான். வாசல் வரை போய்த் திரும்பி, நீ ஒண்ணும் வேணும்னு செய்யல என்று ஆறுதலும் சொன்னான். அவள் அன்று நான்கு மாதத்தில் முதல் முறையாக முழுச் சாப்பாடு சாப்பிட்டாள்.

மகள் பிழைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் என்று சொன்னது இரண்டரை ஆனது. உடம்பு தேறும் வரை அந்தப் பின்னறை வேண்டாம் என்று தம்பி தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். பிறகு பள்ளிக்கூடம் பக்கம் என்றார்கள். பிறகு மாடியில் ஓர் அறை கட்டினான். காற்றும் வெளிச்சமுமாக, தனிக் குளியலறையோடு. அதை மகளுக்கே கொடுத்தான். தம்பி பெண்டாட்டி நல்லவள். தன் பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது மகளுக்கும் சேர்த்து வாரிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மகளைப் பார்க்கப் போவாள். போகுமுன் குளிப்பாள். ஸ்டூடியோவில் உடுத்தாத ஒரு புடவையைத் தனிப் பையில் கட்டி வைத்திருந்தாள், அதை உடுத்துவாள். தம்பி வீட்டு வாசல் குழாயில் முழங்கை வரை கை கழுவுவாள். உள்ளே போய் வாசலோர நாற்காலியில் உட்காருவாள். மகளைத் தொடமாட்டாள். தொட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டியதில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. முதலில் மகள் பக்கத்தில் வந்து வந்து நின்றாள். அவள் ஒவ்வொரு முறையும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள். பிறகு மகள் எதிர்ச் சுவரோரம் உட்காரப் பழகிக்கொண்டாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த லென்ஸைக் கொடுத்தது நான்தான், அதனால்தான் உனக்கு வந்தது என்றாள். மகள் யோசித்துவிட்டு, “பரவாயில்லம்மா” என்றாள். அந்தப் ‘பரவாயில்ல’யை வைத்துக்கொண்டு அவள் ஆறு வருஷம் ஓட்டினாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஷட்டர் மெக்கானிக் வந்தார். அப்பா காலத்து ஆள். பழைய கேமராக்களைப் பிரித்து மாட்டுபவர். எதை மாட்டி முடித்தாலும் கையில் ஒரு திருகாணி மிச்சமிருக்கும். அதனால் அவருக்குத் திருகாணி என்றே பெயர். நாற்பத்தைந்து வயதாகிவிட்ட அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

சட்டைப் பையிலிருந்து துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் பிரித்தார். வளையம் இறுகிப்போன ஒரு லென்ஸ். உங்கப்பா இதில் என்ன எண்ணெயைப் போட்டுத் தொலைத்தார், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அடி வளையத்தில் ஏழு என்று கீறியிருந்தது. பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒரு புள்ளி.

அவள் எழுந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுவர் வரை போய்விட்டாள்.

மெக்கானிக்குக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். “இதுக்கா? இது இப்படின்னு தொழில்ல எல்லாருக்கும் தெரியுமே பாப்பா. வாங்குறவனே மீட்டரைப் பக்கத்துல வச்சுப் படம் புடிச்சு ஊருக்குக் காட்டிக்கிறான். சத்தம் போட்டாத்தான் அசல்னு இன்னும் ஜாஸ்தி கேக்குறான்.”

இதைப் புதைத்துவிட்டார்களே என்றாள். புதைத்ததாவது என்றார் அவர். பழைய லென்ஸ் சேர்க்கும் ஒருவர், ஒன்பது வருஷத்துக்கு முன் பதினொன்றையும் மொத்தமாக வாங்கினாராம். விற்றவர் யாரோ எக்ஸ்ரே எடுப்பவர் என்று சொன்னாராம். “நீதான் தம்பிகிட்ட குடுத்து வித்தேன்னு நெனச்சேன்” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். தேநீர் வாங்கிவரப் போகிறேன் என்று வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது தேநீர் இல்லை.

லென்ஸை ஒரே ஒரு நாள் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். நாளைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், பொருள் என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு விட்டுப் போனார். அவள் இடுக்கியால் அதை எடுத்து, மூன்று பை போட்டுச் சுற்றி, அலுமினிய டப்பாவில் வைத்து மூடினாள்.

மகளுக்கு வைத்தியம் பார்த்த பெரிய மருத்துவமனையில், கதிர் கொடுக்கும் பிரிவில், யாருக்கு எவ்வளவு என்று அளவு போடும் ஓர் அம்மா இருந்தார். டாக்டர் இல்லை, எல்லோரும் பிசிக்ஸ் மேடம் என்பார்கள். அன்று பிற்பகலே அவரைப் போய்ப் பார்த்தாள். அவர் டப்பாவைத் திறந்தார், பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார், லென்ஸை வெறுங்கையால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, நல்ல மஞ்சளா இருக்கே என்றார். மீட்டரை வைத்தார். சடசடத்தது. மீட்டரை ஒரு முழம் தள்ளினார். அடங்கிவிட்டது. தன் கோட்டைக் கழற்றி மடித்து லென்ஸின் மேல் வைத்து, அதன் மேல் மீட்டரை வைத்தார். தலையணை மாதிரி என்றார். விட்டு விட்டு டிக், டிக்.

பிள்ளை எவ்வளவு நாள் தலைமாட்டில் வைத்திருந்தது, பகலில் எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். நோயைக் கண்டுபிடிக்க இங்கே எடுத்த ஒரு ஸ்கேன், இதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் தூங்கியதை விட அதிகம் என்றார். உடைத்துப் பொடியாக்கி மூச்சில் இழுத்தால் வேறு கதை. அலாரக் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னபோது, அதுதான் இதைவிடக் கொஞ்சம் கவனிக்க வேண்டியது, அதை ஏன் விட்டார்கள் என்று கேட்டார்.

அவள், பக்கத்தில் இருக்கும் லென்ஸுக்கு ஏறுமா என்று கேட்டாள்.

“இது என்ன சளியா, ஒட்டிக்கறதுக்கு?”

“கைக்கு?”

“விளக்குக்குப் பக்கத்துல உட்கார்ந்தா உங்க மேல வெளிச்சம் விழும். எழுந்து வந்தா நீங்க விளக்காயிடுவீங்களா?”

அவள் தன் கைகளை மேசையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதைக் கடைசியாகக் கேட்டாள். மேடம் காகிதத்துக் கணக்கை இன்னொரு முறை பார்த்தார்.

“பூஜ்யம்னு எந்தக் கணக்குலயும் நான் சொல்ல மாட்டேம்மா. எதனால வந்ததுன்னும் எனக்குத் தெரியாது. ஆனா இதனாலதான் வந்ததுன்னு யாராவது சொன்னா அவங்களை என்கிட்ட அனுப்புங்க.” பிறகு, சொன்னவர் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்தார். எக்ஸ்ரே என்றாள். மேடம் காகிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். “அவருக்குத் தெரியாம இருக்காது” என்றார்.

தம்பியின் மருத்துவமனை நான்கு தெரு தள்ளி. எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. கையில் கட்டுப் போட்ட ஒருவரும் இருமிக்கொண்டிருந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வெளியே வந்து அவளைப் பார்த்தான். அவள் டப்பாவைத் திறந்து காட்டினாள். அவன் அவளைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப் போனான்.

மறுக்கவில்லை. அதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

“அன்னிக்கு எனக்கும் பயம்தான்க்கா. மீட்டர் கத்தினதும் நானும் நம்பிட்டேன். பொய் சொல்லல.”

“அப்புறம்?”

“ஒரு வாரத்துல தெரிஞ்சுது. பயிற்சி குடுத்த சார்கிட்ட கேட்டேன், சிரிச்சாரு.”

“அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் ஒம்போது வருஷம் இருக்கேடா.”

இருமுகிறவரின் முறை வந்தது. தம்பி உள்ளே போனான். நெஞ்சைப் பலகையில ஒட்டி நில்லுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்ற அவன் குரல் கேட்டது. பிறகு, விடலாம் என்றது. அவள் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அவன் வேறு தொனியில் பேசினான். உள்ளே இருந்த இரண்டு நிமிஷத்தில் யோசித்து வைத்திருப்பான்.

“நீ அப்ப எப்படி இருந்தேன்னு உனக்கு ஞாபகம் இல்லக்கா. ஏன், ஏன்னு கேட்டுப் பைத்தியம் மாதிரி அலைஞ்சே. யாரும் பதில் சொல்லல. நான் ஒரு பதில் சொன்னேன். அதுக்கப்புறம்தான் நீ சாப்பிட்டே, தூங்கினே. அதை எப்படித் திருப்பி வாங்கறது?”

“நீ சொன்ன பதில் நான்டா” என்றாள் அவள்.

அவன் தரையைப் பார்த்தான். மார்பில் குத்தியிருந்த, உடம்பில் பட்ட கதிரை அளக்கும் சின்ன வில்லையைத் திருகிக்கொண்டிருந்தான்.

“மூணுதான் கத்திச்சு. பதினொண்ணையும் எடுத்தியே.”

அவன் வில்லையை விட்டுவிட்டுப் பெஞ்சுப் பக்கம் பார்த்தான். அந்த மாடி அறையை எதில் கட்டினேன் என்று நினைக்கிறாய், என் பிள்ளைகளுக்கா கட்டினேன், உன் பெண்ணுக்குத்தானே கட்டினேன் என்றான். சொல்லிவிட்டு, அது நல்ல பதில்தான் என்பது போல நிமிர்ந்து பார்த்தான். கட்டுப் போட்டவர் பெஞ்சிலிருந்து, சார் என்று கூப்பிட்டார்.

தம்பி வீட்டுக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம். அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் டப்பா. வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். தம்பியைப் பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அறையைப் பற்றியும் பிறகு. முதலில் இது: உனக்கு வந்ததற்கு அம்மா காரணம் இல்லை. இதை எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். ‘கண்ணு’ என்று தொடங்கலாம். அப்படிக் கூப்பிட்டு வெகு காலமாகியிருந்தது. ‘நான் குடுத்ததால இல்லையாம் கண்ணு.’ இன்னும் சின்னதாகச் சொல்லலாம். ‘நான் இல்ல கண்ணு.’ இதுவே போதும் என்று பட்டது. சொன்னதும் மகள் அழுவாள். அழும்போது பக்கத்தில் போகலாம். போய்த் தோளில் கை வைக்கலாம். இன்று சனிக்கிழமை, அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், ஸ்டூடியோப் புடவையிலேயே போகிறாள் என்பதெல்லாம் பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

வாசல் குழாயைத் தாண்டி நேரே மாடிக்கு ஏறினாள். மகள் மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். இப்போது பதினெட்டு, கல்லூரியில் முதல் வருஷம். “என்னம்மா இன்னிக்கு?” என்றாள். டப்பாவைத் திறந்து லென்ஸை மேசையில் வைத்தாள்.

“ஹை, என் லென்ஸ்” என்று சொல்லி மகள் அதை எடுத்தாள். எடுத்து, ரோஜாப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். “இன்னும் போகலியே.” கண்ணுக்கு நேரே வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு புத்தகத்தின் மேல் வைத்து ஓர் எழுத்தைப் பெரிதாக்கினாள், சின்ன வயதில் செய்த மாதிரி.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

“உனக்குப் பயமா இல்லையா?”

“எதுக்கு?”

கேட்ட பிறகுதான் மகளுக்கு உறைத்தது. லென்ஸ் புத்தகத்தின் மேலேயே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கீழே தம்பியின் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எப்ப இருந்து தெரியும்?”

“பத்தாவதுல” என்றாள் மகள். பள்ளியில் கதிரியக்கப் பாடம் வந்ததாம். மேற்கொண்டு தேடிப் படித்தாளாம். மாமாவிடம் கேட்டாளாம். அவர், அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்றாராம்.

மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் முழங்கை வரை கை கழுவிவிட்டு வந்து வாசலோரம் உட்கார்ந்ததை, எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். படிப்பு எப்படிப் போகிறது என்றால் பதில் சொல்லியிருக்கிறாள். நாற்காலியைப் பின்னால் நகர்த்தியபோது ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

“ஏன் சொல்லல?”

மகள் நெடுநேரம் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். பொய் சொல்லிவிடுவாள் என்று அவள் நினைத்தாள். சொன்னால் தேவலை என்றும் நினைத்தாள்.

“சொன்னா நான் அங்க வந்து இருக்கணும்ல.”

அவளுக்கு அந்தப் பின்னறை தெரிந்தது. அடுப்புக்கும் பிரிண்டருக்கும் நடுவில் ஒரு கட்டில். இருவர் படுத்தால் ஒருவர் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். இந்த அறையையும் பார்த்தாள். மேசை, அலமாரி, இரண்டு ஜன்னல், கதவுக்குப் பின்னால் மாட்டிய உடைகள். ஒரு பெண்பிள்ளை விரும்பக்கூடிய அறைதான்.

“இப்ப வரணுமாம்மா?” என்று மகள் கேட்டாள். குரலில் பயம் இருந்தது.

“வேண்டாம்.”

“மாமாவ ஒண்ணும் சொல்லாதே. பாவம்.”

சரி என்றாள். லென்ஸை எடுத்து டப்பாவில் வைத்தாள். நாளை திருப்பிக் கொடுக்க வேண்டியது. இந்த முறை பை சுற்றவில்லை. மகள் எழுந்து நின்றாள். இரண்டடி முன்னால் வந்தாள். அவள் பின்னால் நகரவில்லை. ஆனால் கையையும் நீட்டவில்லை. மகள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கீழே தம்பி பெண்டாட்டி தேநீர் போடட்டுமா என்றாள். வேண்டாம், கடை திறந்து கிடக்கிறது என்றாள். கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. நின்றாள். பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த வாக்கியம் அப்படியே இருந்தது. அதை மகளிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்ல இடம் வரவில்லை. மகளுக்கு அது மூன்று வருஷத்துப் பழைய செய்தி. தம்பிக்கு ஒன்பது வருஷம். திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். யாருக்கும் தேவைப்படாத ஒன்றை மாடி ஏறிப் போய் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.